மூன்றாம் பருவத்தின் விருப்பத் தாள்: வகுப்பறையா, ஸ்வயமா, தனிப்படிப்பா?

முதுகலைப் படிப்பின் இரண்டு ஆண்டுகளில் மாணவர் தாமே தீர்மானிக்கக்கூடிய இடம் மிகச் சிறியது. மையப் பாடங்கள் பாடத்திட்டக் குழு வகுத்தவை. அவற்றில் கைவைக்க முடியாது. மிஞ்சுவது ஒன்றிரண்டு விருப்பத் தாள்களும், கூடுதல் கிரெடிட்டுக்கான சுயகற்றல் தாளும், கடைசிப் பருவத்து ஆய்வேடும்தான். அந்தச் சிறிய இடத்தை எப்படி நிரப்புவது என்பதைப் பெரும்பாலானோர் யோசித்து முடிவெடுப்பதில்லை. நண்பர்கள் எதை எடுக்கிறார்களோ அதையே எடுத்துக்கொள்கிறார்கள். பழைய வண்ணாரப்பேட்டை சர் தியாகராயா கல்லூரி, பிராட்வே பாரதி மகளிர் கல்லூரி, வியாசர்பாடி டாக்டர் அம்பேத்கர் அரசு கலைக் கல்லூரி போன்ற இடங்களில் முதுகலை படிப்பவர்களை மனத்தில் வைத்து, அவர்கள் முன் இருக்கும் வகுப்பறைத் தாள், மத்திய அரசின் இணையவழிப் பாடத் தளமான ஸ்வயம், ஆசிரியர் ஒருவரின் நெறிப்படுத்தலில் தாமே படித்து எழுதும் தனிப்படிப்பு ஆகிய மூன்று வழிகளை இங்கே ஒப்பிட்டுப் பார்க்கிறேன். படிப்போடு வேலைக்கும் போகிறவர்கள் இவர்களில் கணிசமானோர். காலையில் வகுப்பு, பிற்பகலில் பாரிமுனையிலோ சௌகார்பேட்டையிலோ ஒரு கடையின் கணக்கு வேலை என்று வாழ்பவருக்கு, எந்தப் படிப்பு உயர்ந்தது என்ற கேள்வியைவிட, கையில் இருக்கும் நேரத்துக்குள் எது உருப்படியாக முடியும் என்ற கேள்வியே முதன்மையானது.

இந்தத் தெரிவுக்கு முன்பு இவ்வளவு முக்கியத்துவம் இருந்ததில்லை. முதுகலைக்கும் முனைவர் பட்டத்துக்கும் நடுவே எம்.ஃபில். என்று ஒரு படி இருந்தது. நூல்களைத் தேடிப் படிப்பதற்கும், ஒரு கேள்வியை வகுத்துக்கொண்டு நூறு பக்கம் எழுதுவதற்கும் அந்தப் படியில்தான் பலர் பழகினார்கள். 2022 நவம்பரில் பல்கலைக்கழக மானியக்குழு வெளியிட்ட முனைவர் பட்ட விதிமுறைகளோடு எம்.ஃபில். முடிவுக்கு வந்தது. ஆகவே, ஆய்வுக்குப் போக நினைப்பவர் அந்தப் பழக்கத்தை முதுகலைக்குள்ளேயே எங்காவது சம்பாதித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஆய்வில் நாட்டமில்லாதவருக்கு இந்த வாதம் பொருந்தாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அவருக்கான விடை வேறு.

முதலில் நேரக் கணக்கு. 2023-இல் வந்த தேசியக் கிரெடிட் கட்டமைப்பின்படி ஓர் ஆண்டின் 1,200 கற்றல் மணி நேரத்துக்கு 40 கிரெடிட். அதாவது ஒரு கிரெடிட்டுக்கு 30 மணி நேரம். நான்கு கிரெடிட் தாள் என்றால் 120 மணி நேரம். பதினைந்து வாரப் பருவத்தில் பகிர்ந்தால் வாரத்துக்கு எட்டு மணி நேரம் ஆகிறது. வகுப்பறைத் தாளில் இதில் ஏறத்தாழப் பாதி கால அட்டவணைக்குள்ளேயே அடங்கிவிடும். தனிப்படிப்பில் எட்டு மணி நேரத்தையும் மாணவரே தம் வாரத்திலிருந்து வெட்டியெடுக்க வேண்டும். வேலைக்குப் போகிறவரிடம் அந்த எட்டு மணி நேரம் எங்கே இருக்கிறது என்பதைக் காகிதத்தில் எழுதிக் காட்டச் சொன்னால், பாதிப் பேருக்கு விடை அங்கேயே கிடைத்துவிடும்.

வகுப்பறை விருப்பத் தாளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஆசிரியர் இருக்கிறார், வருகைப்பதிவு இருக்கிறது, அகமதிப்பீட்டுத் தேர்வுகள் தேதி தவறாமல் வருகின்றன. யாரோ ஒருவர் அடுத்த வாரத்துக்கான வேலையைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார் என்பதுதான் இதன் முழு பலமும். ஆய்வகம் தேவைப்படும் வேதியியல், நுண்ணுயிரியல் போன்ற துறைகளில் இதற்கு மாற்றே கிடையாது. பலவீனம் என்னவென்றால், துறையில் எந்தத் தாளை நடத்த ஆசிரியர் இருக்கிறாரோ அந்தத் தாள்தான் கிடைக்கும். பாடத்திட்டத்தில் ஐந்து விருப்பத் தாள்கள் அச்சாகியிருந்தாலும், நடைமுறையில் வகுப்பு முழுவதும் ஒரே தாளை விரும்பியதாகத்தான் படிவம் நிரப்பப்படும். அதற்காக ஆசிரியர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. கௌரவ விரிவுரையாளர்களைக் கொண்டு துறையை ஓட்டும் அரசுக் கல்லூரிகளில் ஐந்து மாணவருக்காக ஒரு தனித் தாளை நடத்துவது இயலாத காரியம்.

இரண்டாவது வழி ஸ்வயம். ஒரு படிப்பில் ஒரு பருவத்துக்கு வழங்கப்படும் மொத்தப் பாடங்களில் 40 சதவீதம் வரை ஸ்வயம் தளத்தின் பாடங்களாக எடுத்துக் கிரெடிட்டை மாற்றிக்கொள்ளலாம் என்று மானியக்குழுவின் 2021 விதிமுறைகள் சொல்கின்றன. இதில் ஐ.ஐ.டி.கள் நடத்தும் என்.பி.டி.இ.எல். பாடங்களே நம் மாணவர்களுக்கு அதிகம் அறிமுகமானவை. பாடத்தில் சேரவும் காணொளிகளைப் பார்க்கவும் கட்டணம் இல்லை. சான்றிதழ்த் தேர்வுக்கு மட்டும் பாடத்துக்கு ஆயிரம் ரூபாய், பட்டியல் இனத்தவருக்கும் பழங்குடியினருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் அதில் பாதி. மதிப்பெண்ணில் 25 வாராந்தரப் பயிற்சிகளுக்கு, 75 நேரில் சென்று எழுதும் தேர்வுக்கு. பன்னிரண்டு வாரப் பாடத்தில் சிறந்த எட்டுப் பயிற்சிகளை மட்டும் கணக்கில் எடுத்துக்கொள்வார்கள் என்பதால், ஓரிரு வாரம் தவறினாலும் பாடம் கைவிட்டுப் போகாது. சான்றிதழ் பெற, பயிற்சியில் 25-க்குப் பத்தும் தேர்வில் 75-க்கு முப்பதும் எடுக்க வேண்டும். பன்னிரண்டு வாரப் பாடத்துக்கு மூன்று கிரெடிட்.

ஸ்வயத்தின் இடம் எது என்பதில் எனக்குத் தயக்கமில்லை. கருவிகளைக் கற்பதற்கு அது மிகவும் ஏற்றது. புள்ளியியல், ஆர் நிரலாக்கம், புவியியல் தகவல் முறைமை, பொருளாதார அளவையியல், ஆய்வு முறையியல் ஆகியவற்றில் படிகள் எங்கும் ஒரே படிகள்தாம். காணொளியை நிறுத்தி, திரும்பப் பார்த்து, பயிற்சியைச் செய்து பழகுவதில் வகுப்பறையைவிடக் கூடுதல் பலனே உண்டு. ஆங்கில விரிவுரை தடையாக இருப்பவர்களுக்குச் சில பாடங்களின் எழுத்துவடிவம் தமிழிலும் தரப்படுகிறது. ஆனால் விவாதித்து, மறுத்து, உரசிப் படிக்க வேண்டிய பாடங்களை இந்த வழியில் எடுப்பவர் குறிப்புகளோடு மட்டும் வெளியே வருவார். இலக்கியத் திறனாய்வையோ சாதி பற்றிய சமூகவியலையோ நான்கு விடைகளில் ஒன்றைத் தெரிவு செய்யும் பயிற்சியில் கற்க முடியும் என்று நான் நம்பவில்லை.

ஸ்வயத்தில் மாணவர்கள் அடிக்கடி இடறும் இடம் பாடத்தில் இல்லை, அனுமதியில் இருக்கிறது. பாடத்தை முடித்துச் சான்றிதழோடு துறைத்தலைவரிடம் போய்க் கிரெடிட் கேட்டால், அந்தப் பாடம் ஏற்கெனவே ஒப்புதல் பெற்ற பட்டியலில் உள்ளதா என்றுதான் அவர் பார்ப்பார். பாரதி மகளிர் கல்லூரி போன்ற தன்னாட்சிக் கல்லூரியில் அந்த முடிவைக் கல்லூரியின் கல்விக்குழுவே எடுக்கலாம். தன்னாட்சி இல்லாத இணைவுக் கல்லூரியில் பல்கலைக்கழகத்தின் விதி வேண்டும். என்.பி.டி.இ.எல். பாடங்கள் ஜனவரியிலும் ஜூலையிலும் தொடங்குகின்றன. தேர்வுக்கான பதிவு பாடம் பாதியில் இருக்கும்போதே முடிந்துவிடும். ஆகவே அனுமதியைச் சேருவதற்கு முன்பு, எழுத்தில் வாங்கிவிட வேண்டும்.

இனி, நான் சற்று விரிவாகப் பேச விரும்பும் மூன்றாவது வழி. பாடத்திட்டத்தில் சுயகற்றல் தாள் என்று ஓர் இடம் இருந்து, ஆசிரியர் ஒருவர் நெறியாளராக இருக்க ஒப்புக்கொண்டால், மாணவர் ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு அதற்கான நூல்களையும் ஆவணங்களையும் படித்துப் பருவ இறுதியில் ஒரு கட்டுரையை ஒப்படைப்பது தனிப்படிப்பு. அப்படி ஓர் இடம் இல்லாத பாடத்திட்டத்தில் இதே வேலையை ஆய்வேட்டின் முன்தயாரிப்பாகச் செய்துகொள்ளலாம். மூன்று வழிகளிலும் அதிக உழைப்பைக் கேட்பதும், பாதியில் கைவிடப்படும் வாய்ப்பு அதிகம் உள்ளதும் இதுதான். இருந்தும் வடசென்னை மாணவருக்கு இதை நான் பரிந்துரைக்கக் காரணம் இருக்கிறது. இங்கே கேள்விகள் தெருவிலேயே கிடக்கின்றன. அந்தக் கேள்விகளை எந்த வகுப்பும் எந்தக் காணொளியும் நடத்துவதில்லை.

பெரம்பூரை எடுத்துக்கொள்ளலாம். பின்னி ஆலை என்று மக்கள் வழங்கிய பக்கிங்காம் கர்நாடிக் ஆலைகளின் தொழிலாளர்களை ஒட்டி 1918 ஏப்ரலில் உருவான சென்னைத் தொழிலாளர் சங்கம், இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கமாகக் கருதப்படுவது. பி.பி. வாடியாவும் திரு.வி.க.வும் அதில் முன்னின்றார்கள். 1921 வேலைநிறுத்தமும் அதையொட்டிப் புளியந்தோப்பில் நடந்த கலவரமும் வரலாற்று நூல்களில் ஓரிரு பத்திகளில் கடந்துபோகின்றன. அந்தக் காலத்து அரசாணைகளும் அறிக்கைகளும் எழும்பூர் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. ஆலையில் வேலை பார்த்த குடும்பங்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்னும் பெரம்பூரிலும் பட்டாளத்திலும் ஓட்டேரியிலும் வாழ்கிறார்கள். ஆவணமும் வாய்மொழியும் ஒரே மாணவரின் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது எல்லா ஊருக்கும் வாய்ப்பதில்லை.

சுற்றுச்சூழல் அறிவியல் படிப்பவருக்கு எண்ணூர் இருக்கிறது. கொசஸ்தலையாறு கடலில் கலக்கும் கழிமுகம், அனல்மின் நிலையச் சாம்பல், மணலியின் ஆலைகள், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு கழிமுகத்தில் பரவிய எண்ணெய், அதே மாதக் கடைசியில் நிகழ்ந்த அம்மோனியா கசிவு என ஒவ்வொன்றும் ஒரு தனித்தாள். எண்ணெய்க் கசிவு வழக்கில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு பிறப்பித்த ஆணைகள் எவரும் படிக்கக் கிடைக்கின்றன. பொருளியல் மாணவருக்குக் காசிமேட்டு மீன் ஏலம். வரலாற்று மாணவருக்கு 1856-இல் திறக்கப்பட்டு இன்னும் நின்றுகொண்டிருக்கும் ராயபுரம் ரயில் நிலையம். இவற்றில் எதையும் நான்கு கிரெடிட்டுக்குள் முழுதாக ஆராய்ந்துவிட முடியாது. ஓர் ஆணையை, ஓர் ஆண்டை, ஒரு தெருவை எடுத்துக்கொள்பவரே முடிப்பார். ‘வடசென்னையின் தொழில் வளர்ச்சி’ என்று தலைப்பு வைத்தவர் எங்கே நிற்பார் என்பதை முதல் மாதத்திலேயே சொல்லிவிடலாம்.

களத்தை நம்பிய தனிப்படிப்பில் நாட்காட்டிக்கு ஒரு கண் வேண்டும். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. காசிமேட்டைப் பற்றிப் படிப்பவர் ஜனவரியை ஒட்டித் தொடங்கும் இரட்டைப் பருவத்தை எடுத்துக்கொண்டு, களவேலையைக் கடைசி வாரங்களுக்குத் தள்ளி வைத்தால், படகுகள் கரையேறிக் கிடக்கும். ஏலத்தின் வழக்கமான முகத்தைப் பார்க்க முடியாது. தடைக்காலத்தையே ஆய்வுப் பொருளாக எடுப்பவருக்கு அதுவே நல்ல காலம். ஜூலையை ஒட்டித் தொடங்கும் ஒற்றைப் பருவத்தில் வேறு சிக்கல்: அக்டோபர் கடைசியில் வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிடும். கணேசபுரம் சுரங்கப்பாதையில் தண்ணீர் நின்றால் வியாசர்பாடிக்காரருக்கு அன்றைய திட்டம் அவ்வளவுதான். ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பரில் வெளிவேலையை முடித்து, மழைக்காலத்தை எழுதுவதற்கு ஒதுக்குபவரே இந்த ஊரின் போக்கோடு ஒத்துப் போகிறவர்.

நூலகங்கள் விஷயத்தில் பழைய குறை ஓரளவு தீர்ந்திருக்கிறது. வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை மெட்ரோ ரயில் 2021 பிப்ரவரியில் நீட்டிக்கப்பட்ட பிறகு, திருவொற்றியூர் மாணவர் சென்ட்ரலில் மாறி எழும்பூரில் இறங்கி, 1896-இல் திறக்கப்பட்ட கன்னிமாரா நூலகத்துக்கோ ஆவணக் காப்பகத்துக்கோ நெரிசலில் சிக்காமல் போய்விடலாம். சேப்பாக்கத்துப் பல்கலைக்கழக நூலகத்துக்குப் போகிறவர் மாறாமலே அரசினர் தோட்டம் நிலையம் வரை போகலாம். கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகமும் தரமணி ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமும் அரை நாளைத் தின்றுவிடும். அவற்றுக்கு வாரத்தில் ஒரு நாளை ஒதுக்கினால்தான் கட்டுப்படியாகும். ஆவணக் காப்பகத்தில் கல்லூரிக் கடிதத்தோடு விண்ணப்பித்து அனுமதி பெற வேண்டும் என்பதால், தலைப்பு முடிவான வாரமே அந்தக் கடிதத்தை வாங்கிவிடுவது நல்லது. வீட்டில் இடம் போதாதவர்களுக்கு 2024 நவம்பரில் கொளத்தூரில் திறக்கப்பட்ட முதல்வர் படைப்பகம் போன்ற படிப்பகங்கள் உதவும். முந்தைய முனைவர் பட்ட ஆய்வேடுகளைப் பார்க்க வீட்டை விட்டு வெளியேறவே தேவையில்லை. சோத்கங்கா தளத்தில் தமிழகப் பல்கலைக்கழகங்களின் ஆய்வேடுகள் முழுமையாகவே கிடைக்கின்றன. தம் தலைப்பில் ஏற்கெனவே மூன்று ஆய்வேடுகள் இருப்பதைப் பருவத்தின் இறுதியில் கண்டுபிடிப்பவர்கள் அந்தத் தளத்தை முதல் வாரத்தில் திறக்காதவர்கள்தாம்.

தனிப்படிப்பின் மொத்தக் கனமும் நெறியாளர் மேல் நிற்கிறது. வகுப்பறையில் ஆசிரியர் சற்று மெத்தனமாக இருந்தாலும் பாடநூலும் பழைய வினாத்தாள்களும் மாணவரைக் கரையேற்றிவிடும். இங்கே அந்தத் தோணி கிடையாது. ஒப்புக்கொண்ட பேராசிரியர் தலைப்பில் எவ்வளவு பெரிய நிபுணர் என்பதைவிட, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அரை மணி நேரம் உட்கார்ந்து எழுதியதைப் படிப்பாரா என்பதையே பார்க்க வேண்டும். முனைவர் பட்ட மாணவர்கள் நிறைய பேரை வைத்திருக்கும் மூத்த பேராசிரியரைவிட, அண்மையில் ஆய்வை முடித்த இளையவர் பெரும்பாலும் நல்ல நெறியாளராக அமைகிறார். அவர் கௌரவ விரிவுரையாளராக இருந்தால், மதிப்பீட்டுப் படிவத்தில் கையெழுத்திடும் அதிகாரம் அவருக்கு உண்டா என்பதைத் துறைத்தலைவரிடம் முன்கூட்டியே தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். ‘சார் சரின்னு சொல்லிட்டார்’ என்ற நம்பிக்கை மட்டும் பருவ இறுதியில் மதிப்பெண்ணாக மாறாது. கேள்வி என்ன, எந்த நூல்கள், எந்தத் தேதிகளில் சந்திப்பு, இறுதியில் எத்தனை பக்கக் கட்டுரை, மதிப்பெண்ணில் எழுத்துக்கு எவ்வளவு, வாய்மொழித் தேர்வுக்கு எவ்வளவு என்பவற்றை ஒரு பக்கத்தில் எழுதி இருவரும் கையெழுத்திட்டு, துறையில் ஒரு பிரதியைக் கொடுத்துவிடுவதே இருவருக்கும் பாதுகாப்பு.

இந்த மூன்றுக்கும் வெளியே, இரண்டாவதாக ஒரு பட்டத்தையே சேர்த்துப் படிப்பது என்றொரு வழியும் பேசப்படுகிறது. கல்லூரிப் படிப்போடு தொலைநிலையிலோ இணையவழியிலோ இன்னொரு பட்டத்தையும் படிக்கலாம் என்று மானியக்குழு 2022 ஏப்ரலில் வழிகாட்டுதல் வெளியிட்டது. முனைவர் பட்டத்துக்கு இது பொருந்தாது. 1981-இல் தொடங்கிய சென்னைப் பல்கலைக்கழகத் தொலைதூரக் கல்வி நிறுவனம், தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம், இக்னோ எல்லாம் இந்த வரிசையில் வருபவை. சட்டப்படி முடியும் என்பதற்காக எடுக்க வேண்டியதில்லை. இதனால் இப்போதைய முதுகலையில் ஒரு கிரெடிட்டும் கூடுதலாகக் கிடைக்காது, தேர்வுத் தேதிகள் மோதிக்கொள்ளும் வாய்ப்பும் உண்டு. இரண்டிலும் அரியர் வைத்துக்கொண்டு தவிப்பதைவிட ஒன்றை முடித்துவிட்டு மற்றொன்றில் சேருவது மேல். பணிக்கு இரண்டாம் பட்டம் கட்டாயத் தகுதி என்ற நிலையில் இருப்பவருக்கு மட்டும் இது பொருந்தும்.

இனி யாருக்கு எது என்ற கேள்வி. படிப்பு முடிந்ததும் வேலை என்று இருப்பவர் ஸ்வயத்தில் ஒரு கருவிப் பாடத்தை எடுப்பதே சரி. சான்றிதழில் பாடத்தின் பெயரும் மதிப்பெண்ணும் தெளிவாக இருக்கும், நேர்முகத்தில் விளக்க வேண்டியிருக்காது. கல்லூரி ஆசிரியர் பணிக்கான தேசியத் தகுதித் தேர்வான நெட் தேர்வை முதன்மையாகக் கருதுபவருக்கு வகுப்பறைத் தாளே உதவும். முதல் தாளும் இரண்டாம் தாளுமாக 150 வினாக்கள், 300 மதிப்பெண் கொண்ட அந்தத் தேர்வு பாடத்தின் அகலத்தைக் கேட்கிறது. தனிப்படிப்பு தருவது ஆழத்தை. ஒரே தலைப்பில் ஒரு பருவம் முழுவதும் மூழ்கியவர் தேர்வில் அதற்காக ஒரு வினாவைக்கூடச் சந்திக்காமல் போகலாம்.

ஆனால் நெட் தேர்வோடு கதை முடிவதில்லை. 2024 ஜூன் தேர்விலிருந்து நெட் மதிப்பெண்ணே முனைவர் பட்டச் சேர்க்கைக்கும் பயன்படுகிறது. உதவித்தொகைப் பிரிவில் வராமல், சேர்க்கைக்கு மட்டும் தகுதி பெறுபவருக்கு 70 சதவீதம் நெட் மதிப்பெண்ணுக்கும் 30 சதவீதம் நேர்முகத்துக்கும் தரப்படுகிறது. அந்த நேர்முகத்தில் எதை ஆராயப் போகிறீர்கள் என்ற கேள்விக்கு, ஏற்கெனவே இருபது பக்கம் எழுதி, ஓர் ஆவணத்தைத் தொட்டுப் பார்த்து, ஒரு முடிவில் தடுமாறியிருக்கும் மாணவர் பேசுவதும், இணையத்தில் திரட்டிய முன்வரைவை ஒப்பிக்கும் மாணவர் பேசுவதும் குழுவில் இருப்பவர்களுக்குச் சில நிமிடங்களில் வேறுபட்டுத் தெரிந்துவிடும். ஆய்வுக்குப் போகத் தீர்மானித்தவர் மூன்றாம் பருவத்தில் தனிப்படிப்பையும், அதற்குத் தேவையான கருவியை அதற்கு முந்தைய ஜனவரியில் ஸ்வயத்திலும் எடுத்துக்கொள்வதே நான் பொதுவாகச் சொல்லும் ஏற்பாடு. எண்ணூர் நீர்த்தரவுகளைக் கையாளப் போகிறவர் இரண்டாம் பருவத்திலேயே புள்ளியியல் பாடத்தை முடித்திருந்தால், களவேலை நடக்கும்போது காணொளி பார்த்துக்கொண்டிருக்க வேண்டியிருக்காது.

நேரமும் இல்லை, நெறியாளரும் கிடைக்கவில்லை என்பவர் கிரெடிட்டை மறந்துவிட்டுத் தாமே படிக்கலாமே என்று கேட்பதுண்டு. படிக்கலாம், ஆனால் காலக்கெடு இல்லாத படிப்பு வேலைநாளின் முன் நிற்பதில்லை என்பதையே நான் மீண்டும் மீண்டும் பார்த்திருக்கிறேன். அவர் வகுப்பறைத் தாளை எடுத்துக்கொண்டு, அதன் அகமதிப்பீட்டுக் கட்டுரைக்குத் தம் ஊர்த் தலைப்பு ஒன்றைக் கேட்டு வாங்கலாம். பெரும்பாலான ஆசிரியர்கள் மறுப்பதில்லை; ஒரே கட்டுரையை நாற்பது பிரதிகளாகத் திருத்துவதில் அவர்களுக்கும் சலிப்பு உண்டு.

எந்த வழியானாலும் மூன்றாம் பருவத்துக்கான பேச்சை இரண்டாம் பருவத் தேர்வுகளுக்கு முன்பே துறையில் தொடங்கிவிட வேண்டும். விடுமுறை முடிந்து கல்லூரி திறக்கும்போது விருப்பத் தாள் படிவங்கள் போய்விட்டிருக்கும். ஜூலைப் பாடங்களுக்கான ஒப்புதலைக் கல்விக்குழுவில் வைக்கவும் அப்போது காலம் இருக்காது.